எழுபத்திரண்டு மணி நேரம்

மார்ச் 4, செவ்வாய்

கம்பெனிச் செயலாளர் கூப்பிட்டு அனுப்பினார். கம்பெனிக்கு ஐம்பது வயதாகிறதாம். ஒரு வரலாற்றுப் புத்தகம் வேண்டுமாம், நான்தான் எழுத வேண்டுமாம். "மாசப் பத்திரிகையில உங்க எழுத்தைப் பார்த்திருக்கேன் மேடம். இருநூறு பக்கம், நாலு மாசம். ஜமாய்ச்சிடுவீங்க." எங்கள் டெஸ்டிங் பிரிவில் ஆர்டர் இல்லாமல் ஆறு பேர் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறோம். சரி என்றேன்.

கம்பெனியை விற்கப்போகிறார்கள் என்று கேன்டீனில் பேச்சு. சாகக் கிடக்கிறவருக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிற மாதிரிதான் இருக்கிறது.

மார்ச் 7

வாடகை ஷெட்டில் எட்டுப் பேர், கறுப்பு டெலிபோன்கள். பிறகு ஆபீஸ்களுக்கான சின்ன டெலிபோன் போர்டு. பிறகு ஒரு ஊருக்கே இணைப்புக் கொடுக்கிற எக்ஸ்சேஞ்ச். ஆயிரத்து எழுநூறு பேர் வேலை செய்த காலம். ஏறிய கதையை மூன்று நாளில் எழுதிவிட்டேன். இறங்கிய கதைக்கு யாரும் காகிதம் சேர்த்துவைக்கவில்லை. செல்போன் வந்தது, நாங்கள் போனோம் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். இப்போது இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.

மார்ச் 11

முதல் பெரிய எக்ஸ்சேஞ்ச் பற்றிய அத்தியாயம். அந்த வருட அறிக்கையில் இருக்கிறது: "நிறுவியவரின் கவனக்குறைவால் ஏற்பட்ட தடங்கல் உடனடியாகச் சரிசெய்யப்பட்டது."

நிறுவியவர், அதாவது அந்தப் பெட்டியை ஊரில் கொண்டுபோய்ப் பொருத்தியவர், என் அத்தான். அக்காவின் கணவர். சிபாரிசு செய்து எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர். எர்த் சரியாகக் கொடுக்கவில்லை என்று விசாரணை வைத்து அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியும் அவரைச் சேர்க்கவில்லை. ஜெராக்ஸ் கடை வைத்துப் பிழைக்கிறார்.

அந்த வரியை அப்படியே எடுத்து எழுதினேன். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 12

ஒன்றும் எழுதவில்லை.

மார்ச் 20

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது.

அந்த எக்ஸ்சேஞ்சை அந்த ஊரில் கழற்றிவிட்டார்களாம். வரவேற்பறையில் காட்சிக்கு வைக்கலாம் என்று செயலாளர் அதைத் திரும்ப வரவழைத்திருக்கிறார். "நீங்க டெஸ்ட் பண்ணதுதானே, துடைச்சு வைங்க" என்றார்.

பீரோ அளவுப் பெட்டி அது. பின்கதவின் உள்பக்கம் ஒரு தகர உறை இருக்கும். டெஸ்ட் முடிந்ததும் அச்சான காகிதச் சுருளைக் கையெழுத்துப் போட்டு அதில் வைத்து அனுப்புவது எங்கள் வழக்கம். இருபத்தெட்டு வருடமாக அதை யாரும் எடுக்கவில்லை. இருந்தது. மங்கலாக, ஆனால் படிக்கும்படி. கீழே என் கையெழுத்து, பள்ளிக்கூடப் பிள்ளை போட்ட மாதிரி குண்டு குண்டாக.

எழுதிவிடுகிறேன். எங்கேயாவது ஓரிடத்தில் எழுதத்தானே வேண்டும்.

ஒவ்வொரு எக்ஸ்சேஞ்சும் எழுபத்திரண்டு மணி நேரம் தனக்குத்தானே ஃபோன் கால் போட்டுப் பார்க்கும். மணிக்கு ஐயாயிரம் கால். அந்தப் பெட்டியை இருபத்து நான்கு மணி நேரம்தான் ஓட்டினோம். லாரி கிளம்ப வேண்டும் என்று டெஸ்டிங் ஹெட் அவசரப்பட்டார். "பெட்டியோட கடிகாரத்தை ரெண்டு நாள் தள்ளி வெச்சுட்டு சைன் பண்ணும்மா, எல்லாரும் செய்யறதுதான்." தள்ளி வைத்தேன். தேதி எழுபத்திரண்டு மணி நேரம் என்று காட்டியது. ஆனால் கால்களின் எண்ணிக்கையை யாராலும் தள்ளி வைக்க முடியாது. மூன்று லட்சத்து அறுபதாயிரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு லட்சத்து இருபதாயிரம்.

ஊரில் போய் மூன்றாம் நாள் பெட்டி நின்றது. புரோகிராமில் கோளாறு. இன்னும் இரண்டு நாள் ஓட்டியிருந்தால் எங்கள் கையிலேயே நின்றிருக்கும். எர்த்தையும் புதிதாகப் போட்டார்கள், புரோகிராமையும் சத்தமில்லாமல் மாற்றினார்கள். எதனால் சரியானது என்று யார் கேட்டார்கள்? பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

நான் வாயைத் திறக்கவில்லை. பயம். வேறு காரணம் சொன்னால் அது பொய்.

மார்ச் 23, ஞாயிறு

அக்கா வீட்டில் சாப்பாடு. கூடத்து ஃபேன் ஊர்ந்துகொண்டிருந்தது. அத்தான் எழுந்து ரெகுலேட்டர் பக்கம் போனார். "ஐயோ, நீங்க கை வைக்காதீங்க. ஊருக்கே ஃபோனை நிறுத்தின ஆளு! எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லியிருக்கேன்" என்றாள் அக்கா. அவள் எப்போதும் செய்கிற கேலிதான். அத்தான் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டில் ஒரு பல்புகூட அவர் மாட்டி நான் பார்த்ததில்லை.

நானும் சிரித்தேன்.

மார்ச் 24

அத்தியாயத்தைத் திருத்தி எழுதினேன். கடிகாரம், எண்ணிக்கை, என் கையெழுத்து, எல்லாம். பதினோரு பக்கம். புத்தகத்திலேயே அதுதான் உருப்படியான பகுதி.

மார்ச் 26

செயலாளர் படித்தார். "மேடம், இது வரலாறா, வாக்குமூலமா?"

இரண்டும்தான் என்றேன்.

"அந்த டெஸ்டிங் ஹெட் போய்ச் சேர்ந்தே பதினோரு வருஷம் ஆச்சு. வாங்க வர்றவங்க முன்னாடி இதையா நீட்டறது? பழைய வரியே இருக்கட்டும்." பக்கங்களை மடித்து என் கையில் கொடுத்தார். மரியாதையாகத்தான் கொடுத்தார். கதவுவரைக்கும் கூட வந்தார்.

ஏப்ரல் 2

புத்தகத்தில் வந்தால் அத்தானே படித்துக்கொள்வார், நேரில் சொல்ல வேண்டியிருக்காது என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டிருந்திருக்கிறேன். இப்போதுதான் தெரிகிறது. வாக்குமூலத்தையும் தபாலில் அனுப்பப் பார்த்த ஆள் நான்.

ஏப்ரல் 9

கடைக்குப் போனேன். மத்தியான நேரம், கூட்டம் இல்லை. சுருளை மேசையில் வைத்தேன்.

"காப்பி எடுக்கணுமா?" என்று கண்ணாடியை மாட்டினார் அத்தான். முதல் வரியைப் பார்த்ததும் கழற்றிவிட்டார். "இது இன்னும் அந்தக் கதவுலயேவா இருந்துச்சு?"

சொன்னேன். பாதியிலேயே கையை அமர்த்தினார். "தெரியும்மா. பெட்டி வந்து இறங்கினதும் அந்த எண்ணிக்கையைத்தானே முதல்ல பார்ப்பேன்."

"விசாரணையில ஏன் சொல்லலை அத்தான்?"

"கீழ உன் கையெழுத்து இருந்துச்சு. நீ வேலைக்குச் சேர்ந்து அஞ்சு மாசம்." சுருளின் ஓரத்தை நீவிவிட்டு, "குறையுதுன்னு தெரிஞ்சும் ஓட விட்டது நான்தானே? மேல கேட்டேன், ஒண்ணும் ஆகாது, போடுன்னாங்க. போட்டேன். திருப்பி அனுப்பியிருக்கணும்" என்றார்.

அக்கா டிபன் கேரியரோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ.

"அப்போ எர்த்து?" என்றாள்.

"நல்லாத்தான் குடுத்திருந்தேன்."

"நல்லாத்தான் குடுத்திருந்தீங்க." கேரியரை மெதுவாக மேசையில் வைத்தாள். "ஒரு பல்பு மாட்ட விட்டேனா உங்களை? எத்தனை பேர் முன்னாடி சொல்லிச் சிரிச்சிருப்பேன். 'நான் பண்ணலைடி'ன்னு எங்கிட்டகூடச் சொல்ல வாய் வரலையா?"

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"நீ... பக்கத்துல உக்காந்துகிட்டு நீயும் சிரிச்சியேடி."

போய்விட்டாள். நான் சுருளைச் சுற்றப் பார்த்தேன். சுற்ற வரலை. அத்தான்தான் சுற்றிக் கொடுத்தார்.

ஏப்ரல் 10

ஃபோன் செய்தேன். எடுக்கவில்லை.

ஏப்ரல் 17

எடுக்கவில்லை. அவ எடுக்க மாட்டா. நானா இருந்தாலும் எடுக்க மாட்டேன்.

ஏப்ரல் 30

விற்றாகிவிட்டது. வாங்கியவர்களுக்குக் கட்டடமும் நிலமும்தான் தேவையாம். பழைய கதை வேண்டாமாம். புத்தகத்தை நிறுத்திவிட்டார்கள். ஐம்பது வருடக் கம்பெனிக்கு வரலாறும் இல்லை, அந்தப் பொய் வரியும் இல்லை. செயலாளருக்கே வேலை போய்விட்டது. "உங்க பதினோரு பக்கத்தைப் போட்டிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது மேடம்" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். அவர்மேல் கோபம் வரவில்லை.

வரவேற்பறைப் பெட்டியைப் பழைய இரும்புக்காரர் கதவு வேறு, உடம்பு வேறாகக் கழற்றி ஏற்றினார். எனக்கு வேலை இந்த மாதக் கடைசி வரைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். மாதக் கடைசி இன்றுதான்.

மே 18, ஞாயிறு

கூப்பிடாமலே போனேன். அடித்து விரட்டினாலும் சரி என்றுதான் போனேன்.

கதவு திறந்திருந்தது. மெயினை நிறுத்தியிருந்ததால் கூடம் இருட்டாக இருந்தது. ஃபேன் ரெகுலேட்டர் கழன்று ஒயர்களோடு தொங்கியது. அத்தான் ஃபேனுக்கு நேராக ஸ்டூல்மேல் நின்றிருந்தார், அக்கா கீழே நின்று டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அத்தான் குனிந்து, "அந்தச் சின்ன ஸ்க்ரூடிரைவரை எடும்மா" என்றார். எடுத்துக் கொடுத்தேன்.

பக்கத்து வீட்டம்மா வாசலில் எட்டிப் பார்த்தார். "ஃபேன் ரிப்பேரா? எங்க எலக்ட்ரீஷியனை வரச் சொல்லட்டுமா?"

அக்கா திரும்பவில்லை. டார்ச் வெளிச்சமும் அசையவில்லை.

"வேண்டாங்க" என்றாள். "வீட்டுலயே ஆள் இருக்கு."