போளூரில் இல்லாத ஒருத்தி

ஜவ்வாது மலை,
3-5-1986

அன்புள்ள கனீஸ்,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். ஒரு வரியைக்கூட அழகுக்காகத் திருத்தமாட்டேன். படித்துவிட்டு என் வீட்டாரைத் தப்பாக நினைக்காதே. நீ பள்ளியை விட்டுப் போனபிறகு போளூர் விடுதியில் எனக்குப் பேச்சுத்துணை இல்லை. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் இங்கேயும் யாரும் யாரோடும் பேசுவதில்லை.

அப்பா கொல்லைக் காட்டில் பரண்மேல்தான் படுக்கிறார். பன்றி விரட்டப் பரண் ஏறுவது எங்கள் வழக்கம்தான். ஆனால் சாமை அறுத்துப் பல மாதமாகிறது. "இன்னாத்தய்யா காவல் காக்குற, கல்லையா?" என்று அம்மா கத்துகிறாள். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போய்விடுகிறார்.

நேற்று புளி மூட்டையோடு மேடேறும்போது பாதியில் நின்றுவிட்டார். நெஞ்சைத் தேய்த்தார். முகமெல்லாம் வேர்வை. சற்று உட்கார்ந்ததும் சரியாயிற்று. "வாய்வுதான். அம்மாகிட்ட சொல்லாத" என்றார்.

இன்னொன்று. என்னைப் பார்க்கப் போளூர் வரும்போதெல்லாம் அப்பா ஒரு லாட்ஜ் மாடிக்குப் போவார். வெளியூர் வைத்தியர் ஒருவர் அங்கே வந்து தங்குவார். என்னைக் கீழே நிறுத்திவிட்டுப் போய் லேகிய டப்பாவோடு இறங்கி வருவார். அதன்மேல் 'தாம்பத்தியத் தளர்ச்சி நீங்க' என்று அச்சிட்டிருக்கிறது. படித்ததும் திருப்பி வைத்துவிட்டேன். கேட்கக்கூடாத விஷயம் என்று மட்டும் புரிந்தது.

அப்பா அடிக்கடி போளூர் போவதில் அம்மாவுக்குச் சந்தேகம். ஒரு வருஷமாக அவர் தன்னிடம் முகம் கொடுப்பதில்லை என்று ஊர்க் கவுண்டரிடம் முறையிட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை ஊர்க் கூட்டம். பிரிந்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. உடனே எழுது.

சாந்தம்மாள்


வாணியம்பாடி,
7-5-1986

சாந்தா,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். "இன்னாடி, ஒரு எடத்துல ஒக்கார மாட்டியா?" என்றாள் அம்மா. என்னவென்று அவளிடம் சொல்வேன்?

அத்தா மாரடைப்பில் போனது உனக்குத் தெரியும். அவருடைய பீரோவில் அதே மாதிரி டப்பாக்கள் இருந்தது தெரியாது. மவுத்துக்குப் பிறகு டாக்டரிடம் அம்மா அதைச் சொன்னாள். நான் திரைக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"அந்தத் தளர்ச்சி சில பேருக்கு ரத்தக்குழாய் சுருங்குறதால வருதும்மா. அப்படிப்பட்டவங்களுக்கு இதயத்துக்குப் போற குழாயும் சுருங்கியிருக்கலாம். எல்லாருக்கும் அப்படின்னு இல்ல. ஆனா அப்பவே வந்து சொல்லியிருந்தா நெஞ்சைச் சோதிச்சிருப்பேன்" என்றார் அவர்.

அத்தா வெட்கப்பட்டார், சாந்தா. அம்மாவும் வெட்கப்பட்டாள். மேடேறும்போது உன் அப்பா நெஞ்சைத் தேய்த்தார் என்று எழுதியிருக்கிறாய். இனிக் காத்திருக்காதே. வேலூருக்கு அழைத்துப்போ. எப்படிச் சொல்வது என்று மட்டும் என்னைக் கேட்காதே. அத்தாவிடம் சொல்ல எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

கனீஸ் ஃபாத்திமா


வேலூர்,
12-5-1986

அன்புள்ள கனீஸ்,

உன் கடிதம் வருவதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது.

"லட்சுமணா, போளூர்ல எவளாவது கீறாளா?" என்று கவுண்டர் கேட்டார். அப்பா சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "ஆமாங்க. ஒருத்தி கீறா" என்றார்.

பொய், கனீஸ். அந்த லாட்ஜ் வாசலில் நின்றவள் நான். ஆனாலும் வாய் திறக்கவில்லை. தெண்டமாக ஓர் ஆடு கட்டச் சொன்னார்கள். "இந்த வயசுல கொழுப்பப் பாரு!" என்று சேட்டு மாமா அவர் முதுகில் தட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். பரிசு வாங்கியவர்போல அப்பா நின்றார். அம்மா வீட்டுக்கு வந்து துணி மூட்டை கட்டினாள்.

மறுநாள் உன் கடிதம் வந்தது. அப்பாவிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. லேகிய டப்பாவை அம்மா முன்னால் வைத்துவிட்டு, தலையை நிமிர்த்தாமல் உன் கடிதத்தை முழுக்க வாசித்தேன். அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு நேரே கொல்லைக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

"யோவ், அந்தப் பொம்பள பேரு இன்னா?"

அப்பா பரண்மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"சொல்லுய்யா. கறுப்பா, செவப்பா? வூடு எங்க?"

"அதெல்லாம் உனக்கு எதுக்கு?"

"பேரு கூட தெரியாமத்தான் சேத்துக்கினியா?" டப்பாவை மேலே வீசினாள்.

அது உருண்டு அவர் காலில் முட்டி நின்றது. அப்பா அதை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

"ஊருக்குள்ள ஆம்பளையா நிக்கணும் இல்ல" என்றார்.

"மொதல்ல உசுரோட நில்லு. கெளம்பு வேலூருக்கு."

"டாக்டர்கிட்ட இன்னான்னு சொல்றது?"

"நீ வாயத் தொறக்க வேணாம். நான் சொல்றேன்."

இன்று காலை அம்மா என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு டாக்டர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே பேசியது எனக்குத் தெரியாது, அதனால் எழுதவில்லை. பிறகு அப்பாவின் மார்பில் கம்பிகளை ஒட்டிப் படம் எடுத்தார்கள். அதைப் பார்த்ததும் டாக்டர் அவரை நடக்கவே விடவில்லை. தள்ளுவண்டியில் வார்டுக்கு அனுப்பினார். பீடியைத் தொடக்கூடாது என்றார். பிழைத்துக்கொள்வாரா என்று கேட்டேன். "ரெண்டு நாள் போகட்டும்மா" என்றார். அதிலிருந்து இந்த வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன்.

ஆண்கள் வார்டில் பெண்கள் தங்கக்கூடாதாம். நர்ஸ் வந்து சொன்னதும் நான் வெளியே வந்துவிட்டேன். அம்மா அசையவில்லை.

"இவருக்குப் போளூர்ல ஒருத்தி கீறாங்க. அவ வந்ததும் நான் போய்ட்றேன்" என்றாள்.

நர்ஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பா சிரித்துவிட்டார். சிரித்ததும் இருமல் வந்தது. எனக்கு உயிரே போய்விட்டது.

வராந்தா விளக்கடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இங்கிருந்து அவர் கட்டில் தெரிகிறது. அம்மா தரையில் உட்கார்ந்தபடி ஒரு கையை மேலே நீட்டி அவர் நெஞ்சின்மேல் வைத்திருக்கிறாள். அப்பா அதை விலக்கவில்லை. தூங்குகிறாரா என்று இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கவேண்டும். வார்டு விளக்கை அணைத்துவிட்டார்கள். இப்போது வராந்தா விளக்கையும்—