கோகிலாவுக்கு விசேஷம்

சேலியமேடு,
நவம்பர் 4, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

இளவரசி எழுதுவது. நானும் உங்கள் மகள் கோகிலாவும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். அதற்கு மேல் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போன் அடித்தால் கோகிலாதான் ஓடிப்போய் எடுக்கிறாள். என்னிடம் கொடுத்த பிறகும் என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்குப் பேச்சுதான் குழறும், காதில் ஒரு குறையும் இல்லை. அரியாங்குப்பத்தில் உங்கள் அக்கா மஞ்சுளா வீட்டிலிருந்து பேசினாலோ, அவர் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். போன வாரம் ஒருநாள் தனியாகப் பேச ஆரம்பித்தேன், அழுகை வந்துவிட்டது. "வேலை நேரத்துல இன்னாடி இது" என்று நீங்கள் கட் செய்துவிட்டீர்கள். அதனால்தான் பேப்பரை எடுத்தேன். பாகூர் கடைத்தெருவில் மளிகை வைத்திருக்கும் ஹாஜா மைதீன் பாயின் மகன் மாலிக் வியாழக்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறான். உங்கள் ரூமுக்கே வந்து கையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். கோகிலாவை ஏற்றிக்கொண்டு போன ஸ்கூல் வேன் நாலேகாலுக்குத்தான் வரும். அதற்குள் முடிந்தவரை எழுதுகிறேன்.

சுற்றி வளைக்கவில்லை. வருகிற 21ஆம் தேதி வெள்ளிக்கிழமை கோகிலாவுக்குக் கர்ப்பப்பையை எடுக்க மஞ்சுளா அக்கா நர்சிங் ஹோமில் நாள் வாங்கிவிட்டார். அமாவாசை கழிந்த மறுநாள், வளர்பிறையாம். ஆபரேஷனுக்கும் வளர்பிறை பார்க்கிற குடும்பம் நம்முடையதாகத்தான் இருக்கும். "அக்கா சொல்றபடி செய்" என்று நீங்கள் சொன்னதும் எனக்குத் தெரியும். சம்மதப் பாரத்தில் உங்கள் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. இந்த வாரக் கடைசியில் உங்கள் போனுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். அதில் கையெழுத்துப் போடாதீர்கள் மாமா. உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், போடாதீர்கள்.

உங்களிடம் மறைத்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆவணியில் அக்கா மகள் யாழினியின் மஞ்சள் நீராட்டு விழாவில்தான் கோகிலா பெரியவளானது எல்லோருக்கும் தெரிந்தது. உண்மையில் அவள் ஆனி மாதமே வயதுக்கு வந்துவிட்டாள். யாரிடமும் நான் வாய் திறக்கவில்லை. இந்தப் பிள்ளைக்கு இது எதற்கு, எடுத்துவிடு என்று யாராவது சொல்வார்கள் என்று எனக்கு அப்போதே பயம். துணியைக் கொல்லைப்பக்கம் உலர்த்தாமல் அறைக்குள்ளேயே கயிறு கட்டி உலர்த்தினேன். பெற்ற பெண் பெரியவளானதைத் திருடி மாதிரி ஒளித்து வைத்த தாய் இந்தப் பாகூர் கொம்யூனில் உள்ள அத்தனை ஊரிலும் நான் ஒருத்திதான் இருப்பேன்.

ஒளித்து வைத்தேனே தவிர சும்மா இருக்கவில்லை. அவள் ஸ்பெஷல் ஸ்கூல் டீச்சர் சுகன்யாவிடம் மட்டும் சொன்னேன். அந்தப் பெண்ணுக்குக் கோடிப் புண்ணியம். காலண்டரில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டச் சொல்லிக்கொடுத்தார். உங்கள் மகளுக்குப் பன்னிரண்டுக்கு மேல் எண்ணத் தெரியாது, நேராக இருபதுக்குத் தாவிவிடுவாள். பொட்டுக்கு எண்ணிக்கை தேவையில்லை. நாப்கினை உள்ளாடையில் வைக்க, எடுத்துப் பேப்பரில் மடிக்க, மூடி போட்ட வாளியில் போட, சோப்புப் போட்டுக் கைகழுவ என்று நாலு படம் வரைந்து பாத்ரூம் கதவில் ஒட்டியிருக்கிறோம். முதல் மாதம் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தாள். நானும் ஒருநாள் பொறுமையிழந்து முதுகில் ரெண்டு வைத்துவிட்டு, பிறகு அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். மூன்றாவது மாதம் கதவைச் சாத்திக்கொண்டு தானே செய்துகொண்டு வந்து, என் முன்னால் கையைக் கழுவிக் காட்டினாள். போன மாதம் எனக்கே தேதி மறந்துபோய்விட்டது, காலண்டரைக் காட்டி என்னைத் திட்டுகிறாள். அவளால் எதுவும் முடியாது என்று உங்கள் அக்கா சொல்கிறார். பூட்ஸ் லேஸ் கட்ட ஒன்றரை வருஷம் ஆனது, கட்டினாள் இல்லையா? ஒவ்வொன்றுக்கும் அவளுக்குக் காலம் வேண்டியிருக்கிறது. அதை மட்டும்தான் கேட்கிறாள்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்பார்கள். எனக்கு ஊர் வாயோடு தொல்லையில்லை, உங்கள் மகள் வாயோடுதான் தொல்லை. யாழினியை மணையில் உட்காரவைத்து நலங்கு வைக்கும்போது, கோகிலாவும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். வீடியோக்காரர் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார். அவ்வளவு கூட்டத்தில் எழுந்து நின்று, "எனுக்கும் வந்துச்சி. நானும் பெரிய பொண்ணு. எனுக்கு எப்போ மஞ்சத் தண்ணி?" என்று கேட்டாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். அக்கா என்னைச் சமையல்கட்டுக்கு இழுத்துப்போய், "எத்தினி மாசமா மூடி வெச்சிருந்த?" என்று கேட்டார். கோகிலா அன்று சாப்பிடும்வரை யாழினியின் மாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேன் சத்தம் கேட்கிறது. நாளைக்கு மீதியை எழுதுகிறேன்.

புதன்கிழமை.

காலையில் நல்ல மழை. ஸ்கூல் லீவு விடுவார்களோ என்று பயந்தேன், விடவில்லை. பாகூர் ஏரி நிரம்பிவிட்டது. நம் பின்கட்டு ஒழுகுகிறது, இரண்டு பாத்திரம் வைத்திருக்கிறேன். அதைப் பற்றிக் கவலைப்பட இது நேரமில்லை.

புரட்டாசியில் நடந்ததை உங்களுக்குப் பாதிதான் சொன்னேன். ஸ்கூல் வேன் அன்று ரிப்பேர். பாகூர் பஸ் ஸ்டாப்பில் அவளை நிற்கவைத்துவிட்டு எதிர்க்கடையில் பால் பாக்கெட் வாங்கப் போனேன். ஒரு நிமிஷம்தான். திரும்பினால் எவனோ ஹெல்மெட் போட்டவன் வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். ஹாஜா மைதீன் பாய்தான் கடையிலிருந்து "யார்ரா நீ, எறக்குடா புள்ளய!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். அவன் அவளைத் தள்ளிவிட்டுப் பறந்துவிட்டான். முழங்கால் சிராய்த்ததோடு போயிற்று. ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன் என்றான் என்று உங்களிடம் சொன்னேன் அல்லவா, அது பொய். "அப்பாகிட்ட போலாம் வா" என்றானாம். அதற்குத்தான் ஏறியிருக்கிறாள்.

அன்றிலிருந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த வாரமே உங்கள் அக்கா வந்தார். "பொட்டப் புள்ள, அதுவும் இந்த மாதிரிப் புள்ள. நாளிக்கி ஒன்னு கெடக்க ஒன்னு ஆயி வயித்துல வந்து நின்னா, எந்தம்பிக்கு யார்டி பதில் சொல்றது?" என்று அழுதார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தாயில்லாத உங்களைத் தூக்கி வளர்த்தவர். கோகிலாவுக்கு ரெண்டு வயதில் நெஞ்சைத் திறந்து ஓட்டையை அடைத்தபோது ரத்தம் கொடுத்தவர். அவரும் பயந்துதான் பேசுகிறார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அன்றைக்கு எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இதை எழுதத்தான் இரண்டு நாளாகத் தவிக்கிறேன். நர்சிங் ஹோமில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன் மாமா. அம்மா என்று இருந்த இடத்தில் என் பெயரை எழுதிவிட்டேன். அந்த டாக்டர் கோகிலாவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நெறைய பேர் பண்றாங்கம்மா, ஒங்களுக்கும் நிம்மதி" என்றார். நிம்மதி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் புத்தி மழுங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோகிலா, நான் எழுதுவதைப் பார்த்து "அம்மா பேரு" என்று கை தட்டினாள்.

மறுநாளே சுகன்யா டீச்சரிடம் போய் விழுந்தேன். அவர் எங்களைப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டரிடம் அழைத்துப்போனார். அந்தம்மா என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கோகிலாவிடமே அரை மணி பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "வயித்துல ஒரு நோயும் இல்லாத பொண்ணுக்கு எதுக்கும்மா ஆபரேஷன்? அதும் நெஞ்சுல ஏற்கெனவே கத்தி வெச்ச பொண்ணு. அவளே எல்லாம் பாத்துக்கிறாளே" என்றார். எழுதியும் கொடுத்திருக்கிறார். அதன் ஜெராக்ஸ் இதோடு இருக்கிறது, படியுங்கள். கதவருகே வந்த பிறகு நான்தான் வெட்கத்தை விட்டு வண்டிக்காரனைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்ன பதில் என் காதிலேயே நிற்கிறது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் அப்படிப்பட்டவன் வராமல் இருப்பானா, வந்தது உங்களுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான் என்றார்.

அதை அக்காவிடம் சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. நீயே கையெழுத்துப் போட்டுவிட்டு இப்போது நாடகமா என்றார். போட்டவள் நான்தானே.

அந்த வண்டிக்குப் பிறகு கோகிலாவுக்கு நானும் டீச்சரும் வேறு பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். யார் கூப்பிட்டாலும் அம்மாவைக் கேட்க வேண்டும், யாராவது தொட்டால் கத்த வேண்டும். போன வாரம் மழையில் நனைந்துகொண்டு தெருமுனையில் நின்றவளை மாலிக், ஏறு வீட்டில் விடுகிறேன் என்றிருக்கிறான். தெரிந்த பையன், லீவில் வந்ததிலிருந்து தினமும் பார்க்கிறவன். "அம்மாவ கேக்கணும்" என்று சொட்டச் சொட்ட நின்றிருக்கிறாள். அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டே கூட நடந்து வந்து விட்டுவிட்டு, "ஒங்க பொண்ணு பெரிய போலீஸு அக்கா" என்று சிரித்தான். அவனையே கேளுங்கள், சொல்வான். பயத்துக்கு மருந்து இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கத்தியில் ஒன்றும் இல்லை.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன். தாங்க முடியாத ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலைக் கண்டாலே நெஞ்சுச் சட்டையை இறுகப் பிடித்துக்கொள்கிறவள் ஆயிற்றே, எப்படி அழைத்துப்போவது என்று அக்கா யோசித்திருக்கிறார். தீபாவளிக்கு வந்தபோது அரக்குக் கலரில் ஒரு பட்டுப்பாவாடை எடுத்து வந்து கோகிலாவிடம் காட்டி, "வர்ற மாசம் இருவத்தொன்னாந் தேதி வெள்ளிக்கெழம உனுக்கு விசேஷம்டி கண்ணு. தலைக்குக் குளிச்சிட்டு இத்தக் கட்டிக்கினு கார்ல போலாம்" என்றார். கோகிலா அத்தையின் கன்னத்தில் மாற்றி மாற்றி முத்தம் கொடுத்தாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார், பாவாடையை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. நானும் பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை.

அன்றிலிருந்து அவள் தெரு முழுக்க அழைக்கிறாள் மாமா. குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், "வெள்ளிக்கெழம எனுக்கு மஞ்சத் தண்ணி. வாங்க. சாப்பாடு" என்கிறாள். நான் போய் இழுத்துவந்தால், விட்டுப்போன வீடுகளை விரல்விட்டுக் காட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமை நம் தெரு ஆமினா பீவி அக்கா இரண்டு டஜன் கண்ணாடி வளையல் கொண்டுவந்தார். அவளுடைய குட்டைக் கைக்குத் தக்க அளவாகக் கேட்டு வாங்கியிருக்கிறார். எந்த மண்டபம் என்று கேட்டார். இன்னும் பார்க்கவில்லை என்றேன். கோகிலா முன்னால் வேறு என்ன சொல்வது?

நான் வேண்டாம் என்றால் அது மருமகள் திமிர். நீங்கள் சொன்னால் தம்பி வார்த்தை, அக்கா தட்டமாட்டார். "வாணாங்கா" என்று ஒரே ஒரு சொல் சொல்லுங்கள். நர்சிங் ஹோமில் என் கையெழுத்தை நானே போய் அடித்துவிட்டு வருகிறேன். மண்டபமும் வேண்டாம், வீடியோவும் வேண்டாம். தெருவில் அவள் அழைத்த பெண்கள் நாலு பேர் வாசலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினால் போதும். நீங்கள் வர முடியாவிட்டால் போனில் பாருங்கள். அக்காவையே முதல் குடம் ஊற்றச் சொல்கிறேன்.

இவ்வளவும் படித்த பிறகும் கையெழுத்துப் போடுவதுதான் சரி என்று உங்களுக்குத் தோன்றினால், பாரத்தை அக்காவுக்கு அனுப்புவதற்கு முன்னால் கோகிலாவுக்குப் போன் செய்யுங்கள். வெள்ளிக்கிழமை அவளுக்கு என்ன விசேஷம் என்று அவள் அப்பாவே சொல்லட்டும். என்னால் முடியாது. மூன்று முறை ஆரம்பித்துப் பார்த்துவிட்டேன்.

நேற்று வேனிலிருந்து இறங்கியதும் சிமிழோடு புறப்பட்டாள். எல்லா வீட்டுக்கும் சொல்லியாகிவிட்டதே, இனி யார் பாக்கி என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, என் நெற்றியில் குங்குமம் வைத்து, "அம்மா, நீயும் வா" என்று அழைத்தாள்.

வில்லியனூர் அம்மன் கோகிலாம்பாள் உங்கள் கைக்குத் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் இளவரசி.