பொம்மைக்குத் தந்த தட்டுகள்

அன்பு மனைவிக்கு,

உன் கணவன் எழுதுவது. இங்கே எல்லாம் சுகம் என்று எழுதித்தான் என் கைக்குப் பழக்கம். இந்தத் தடவை அந்த வரியை எழுதாமல் விடுகிறேன். நீ பதறாதே. பதறுகிற வேலையை நான்கு நாளாக நம் இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் வைத்துவிட்டுத்தான் பேசுவாய். நான் ஒரு தும்மல் போட்டால் அத்தை மாத்திரை சொல்வார், மாமா அடுத்த அறையிலிருந்து, மாப்பிள்ளை மழையில நனைஞ்சாராம்மா என்று கேட்பார். இது அப்படிச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. அதோடு, இதைக் கேட்டதும் நீ கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பாய். போனில் அந்த மௌனத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க எனக்குத் தெம்பில்லை. உன் தம்பி நாளைக் காலை முதல் வண்டியில் அங்கே வருகிறான். அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, நம் வாலு கையில் வைத்திருக்கும் பிஸ்கட் டின்னை உடனே பிடுங்கிப் பரணில் போடு, விளிம்பெல்லாம் துரு, கையைக் கிழித்துவிடும் என்றேன் அல்லவா? நீகூடச் சிரித்தாய். அப்பாவே கொடுப்பாராம், அப்பாவே பிடுங்கச் சொல்வாராம், பிள்ளை யார் பேச்சைக் கேக்கும் என்றாய். அந்த டின்னில் துரு இல்லை. அதற்குள் இருப்பது விஷம். அதைச் சட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தது நான்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பட்டறைக்குப் புதிதாக ஒரு பாதுகாப்பு அதிகாரி வந்திருக்கிறார் என்று சொல்லியிருந்தேனே, கையைக் கழுவு, நகத்தை வெட்டு என்று நாள் முழுக்க நச்சரிப்பதால் நாங்கள் சோப்பு டீச்சர் என்று பெயர் வைத்த அம்மா, அவர் எங்கள் எல்லாருக்கும் ரத்தம் எடுக்க வைத்தார். பழைய பேட்டரியை உடைத்து ஈயத்தைப் பிரித்து உருக்குகிற எங்கள் பிரிவில் பதினோரு பேர். பத்துப் பேருக்கு ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறது. அதில் முதலிடம் எனக்கு. பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் வாங்காத முதலிடம். அதைக்கூட நான் சிரித்துக்கொண்டேதான் வாங்கினேன். கை நடுங்குவதையும் முழங்கால் வலிப்பதையும் வயசாகுது என்று நாம் இரண்டு பேரும் சொல்லிக்கொண்டிருந்தோமே, அதற்குக் காரணம் இதுதானாம்.

டீச்சர் என்னைத் தனியாக உட்காரவைத்து வீட்டைப் பற்றி விசாரித்தார். வேலை உடுப்பை எங்க மாத்துறீங்க என்றார். வீட்டில்தான் என்றேன். யாரு துவைக்கிறது என்றார். என் வீட்டுக்காரி, ஜன்னலுக்கு வெளியே நாலு உதறு உதறித் தூசியைப் போக்கிட்டுத்தான் ஊறவைப்பா, அவ்வளவு சுத்தம் என்று பெருமையடித்துக்கொண்டேன். குழந்தை இருக்கா என்றார். நாலு வயசுல ஒரு பொண்ணு, வாசல்லயே மேல தொத்திக்குவா, சட்டையைக் கழற்றக்கூட விடமாட்டா என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடிவிட்டார். உங்க வீட்டுக்காரி இப்ப எங்க என்று கேட்டார். அம்மா வீட்ல, ஏழாவது மாசம் என்றேன். நாளைக்குக் காலையில உங்க வீட்டுக்கு வரலாமா என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் ஞாயிறு. மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க வந்தார். பையிலிருந்து பென்சில் நீளத்தில் குச்சிகளை எடுத்தார். முனையில் ஈரப் பஞ்சு இருந்தது. தேய்க்கிற இடத்தில் ஈயம் இருந்தால் பஞ்சு சிவக்குமாம். வாசல் மிதியடி சிவந்தது. அது சிவக்கும் என்று எதிர்பார்த்தேன். நீ சட்டை உதறுகிற ஜன்னல் விளிம்பு சிவந்தது. என் சாப்பாட்டு டப்பாவின் மூடியும் சிவந்தது. தனக்காக நான் மிச்சம் வைக்கிற கடைசி வாயை வாலு விரலால் வழித்துத் தின்பாளே, அதே டப்பா. உப்பு ஜாடி இருக்கும் அலமாரியில் தேய்த்தார், பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. பாத்தீங்களா மேடம், எங்க சமையலறை சுத்தம் என்று பரீட்சையில் பாஸான பையன்போலக் கத்திவிட்டேன். பிறகு கட்டிலுக்குப் போனார். என் தலையணை லேசாகச் சிவந்தது. சுவரோரமாக வாலு படுக்கிற பக்கம் நன்றாகவே சிவந்தது. வேலையிலிருந்து வந்து குளிக்காமல்கொள்ளாமல் நான் அவளோடு உருண்டு புரள்வது அங்கேதானே.

கட்டிலுக்கு அடியில் அவளுடைய சொப்புச் சாமான் கிடந்தது. அதில் ஒரு தட்டு, ஒன்றே ஒன்று, தவறி விழுந்து கிடந்தது. உலைப் பக்கம் தரையில் தெறித்து உறைந்துபோகும் ஈயம் அது. வட்டமாக, தட்டையாக, வெள்ளிபோல் மின்னும். பொம்மைக்குத் தட்டு வேணும் என்று அவள் ஒரு நாள் கேட்டாள். கடையில் வாங்கிக் கொடுத்திருக்கலாம். பார்க்க அழகாக இருக்கிறதே என்று தினமும் ஒன்றிரண்டைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். டீச்சர் அதைக் குச்சியால் தேய்க்கவே இல்லை. இதுல குழந்தை என்ன செய்வா என்று கேட்டார். சர்க்கரை போட்டுப் பொம்மைக்கு ஊட்டுவா என்றேன். பொம்மை தின்னாது, மிச்சத்தை அவளே நக்கிடுவா என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. இன்னும் எத்தனை இருக்கு என்றார். ஒரு டின் நிறைய, அம்மாகூடப் போகும்போது கையோட கொண்டுபோயிட்டா என்றேன். அவர் படியிறங்குவதற்குள் உனக்குப் போன் செய்தேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை, துரு என்று உளறிவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. வயிறு வலிக்குது என்று அவள் சுருண்டு படுத்ததை, பள்ளிக்கூடம் போகாமல் இருக்க நாடகம் என்று சொல்லிச் சிரித்தவன் நான். இருபது வரை கடகடவென்று எண்ணியவள் பன்னிரண்டில் முழித்துக்கொண்டு நிற்கிறாள் என்று நீ சொன்னபோது, என் ரத்தமாச்சே, கணக்கு எப்படி வரும் என்று கேலி பேசினேன். வாய்தான் எனக்கு. சோறு வேண்டாம் என்று தட்டைத் தள்ளியதற்கு அவள் முதுகில் ஒரு அடிகூட வைத்திருக்கிறேன். இதெல்லாம் ஈயத்தால் வந்ததா, வெறும் பிள்ளைச் சேட்டையா என்று ரத்தம் பார்த்தால்தான் தெரியும் என்கிறார் டீச்சர். எனக்கு இரண்டில் எது என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இதை மறைத்தால் கடிதம் எழுதியதற்கே அர்த்தமில்லை. பட்டறையில் குளியலறை இருக்கிறது. வேலை முடிந்ததும் குளித்து, உடுப்பை அங்கேயே விட்டுவிட்டு, வேறு உடுப்பில் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சுவரில் பெரிய எழுத்தில் எழுதியும் இருக்கிறது. குளிக்க வரிசையில் நின்றால் பஸ் போய்விடும். அதனால் நான்தான் முதலில் குளிக்காமல் கிளம்பினேன். வேலையில் மூத்தவன் போகிறானே என்று மற்றவர்களும் கிளம்பினார்கள். பிறகு அந்த அறையில் காலி பேட்டரிப் பெட்டிகளை அடுக்கச் சொன்னதும் நான்தான். ஒருவன் மட்டும் பெட்டிகளைத் தள்ளிவைத்துவிட்டு, தினமும் தேய்த்துக் குளித்து, தலை சீவி, சலவைச் சட்டையில் போவான். பொண்ணு பாக்கவா மாப்பிள்ளை, தேதி குறிச்சாச்சா என்று கேட்டு, அவனுக்கு மாப்பிள்ளை என்றே பெயர் வைத்துவிட்டேன். பதினோரு பேரில் ஈயம் ஏறாத ஆள் அவன்தான். அவனுக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள். திங்கட்கிழமை நான் அந்தப் பெட்டிகளை வெளியே இழுத்துப் போட்டபோது அவன் வந்து மறுமுனையைப் பிடித்தான். ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டம்மாகிட்ட சொல்லிட்டீங்களா, பிள்ளைக்கு ரத்தம் பாத்தாச்சா என்று டீச்சர் தினமும் கேட்டார். சொல்லிட்டேன், இன்னைக்குப் போறாங்க என்று தினமும் சொன்னேன். இப்படியே நான்கு நாளை வீணாக்கிவிட்டேன். டின் பரணில்தான் இருக்கிறது என்று நீ சொன்னதை வைத்துக்கொண்டு என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். இன்று உன் தம்பி வந்தவன், கட்டில் மெத்தையை நான் பாலித்தீன் பையில் சுற்றிக் கட்டுவதைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டான். சொன்னேன். மாமா மாமா என்று சுற்றி வருகிறவன், நீங்கல்லாம் ஒரு மனுஷனா என்று கேட்டான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நாளைக்கு நானே அக்காவையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன், நீங்க எழுத வேண்டியதை எழுதுங்க என்றான். அதனால்தான் எழுதுகிறேன்.

கடிதத்தோடு டீச்சர் டாக்டருக்கு எழுதிய சீட்டு இருக்கிறது. என்ன பரிசோதனை என்று அதில் எழுதியிருக்கிறது. வாலுவுக்கும் பார்க்க வேண்டும், உனக்கும் பார்க்க வேண்டும். என் சட்டைத் தூசியை இத்தனை வருஷம் சுவாசித்தவள் நீ. ஈயம் தாயிடமிருந்து வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் போகும் என்று டீச்சர் சொன்னார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. நீ டாக்டரிடம் எல்லாவற்றையும் கேள். என்னைப்போல் பாதியில் எழுந்து வராதே. சீக்கிரம் கண்டுபிடித்தால் செய்வதற்கு நிறைய வழி இருக்கிறது என்று டீச்சர் இரண்டு முறை சொன்னார். அதை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

டின்னைத் தம்பியிடம் கொடுத்துவிடு, அவன் அதைப் பையில் கட்டி எடுத்து வருவான். நீ தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. இங்கிருந்து கொண்டுபோன பொம்மை, அவளுடைய போர்வை, எதையும் உதறாதே, அப்படியே கட்டி அவனிடம் கொடு. அவள் அழுவாள். அழுதால் அப்பாதான் திருடிக்கொண்டார் என்று சொல். சாப்பிடும் முன் அவள் கையை நீயே கழுவிவிடு, நகத்தை ஒட்ட வெட்டிவிடு. அத்தையிடமும் மாமாவிடமும் நீயே சொல்லிவிடு. என்னை என்ன சொன்னாலும் நீ எனக்காகப் பேசாதே.

இப்போது மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒன்று எழுதுகிறேன். நான் சொல்லும்வரை இங்கே வராதே. வேறு எதையும் நினைத்துக் குழம்பாதே. துடைப்பத்தால் பெருக்கினால் தூசி மேலே எழும்பும் என்பதால், ஈரத்துணியால் அங்குலம் அங்குலமாகத் துடைக்கிறேன். துணியை அலசிய தண்ணீரை மாற்றி மாற்றி, சுவர், கதவு, கட்டில் கால், ஜன்னல் கம்பி எல்லாம் ஆயிற்று. இப்போது பட்டறையிலேயே குளித்து உடுப்பு மாற்றிக்கொண்டுதான் வருகிறேன். இன்று டீச்சர் கொடுத்த குச்சியால் நானே தேய்த்துப் பார்த்தேன். ஜன்னலுக்குக் கீழே தரை வெடிப்பில் இன்னும் சிவக்கிறது. நாளைக்கு அதைச் சிமெண்ட் வைத்து அடைக்கப் போகிறேன். சாயங்காலம் வீட்டுக்குள் வந்ததும் யாரும் ஓடி வந்து தொத்திக்கொள்வதில்லை. அது நல்லதுதான் என்று நினைக்க வேண்டியிருப்பதுதான் தாங்க முடியவில்லை.

நீயும், நம் வாலுவும், இன்னும் முகம் காட்டாத பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

முடிவு வந்ததும் தம்பியைச் சொல்லவிடாதே, நீயே போன் செய். நான் எடுத்ததும் திட்டு. அத்தைக்கும் மாமாவுக்கும் கேட்கும்படி, வாய்க்கு வந்தபடி திட்டு. பிள்ளைக்கு ஒன்றுமில்லை, அதனால்தான் இப்படித் திட்டுகிறாள் என்று நான் புரிந்துகொள்வேன். உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், குரலைத் தணித்து, சாப்பிட்டீங்களா என்று மட்டும் ஆரம்பித்துவிடாதே.

இப்படிக்கு,
உன் கணவன்