ஏழாம் எண் தட்டு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். இடது கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. மூளையில் அழற்சி வந்து நரம்புகளின் மேலுறையை அரித்துவிட்டதாம். வயர் தோல் உரிந்தால் என்ன ஆகும் என்று, இருபது வருடம் வயரிங் செய்தவனுக்கே டாக்டர் பாடம் நடத்துகிறார்!

போன மாதம் பதினொன்றாம் தேதி உங்கள் ஆய்வுக்கூடத்துக்காக என் கையில் துளி தோல் எடுத்தார்கள். அதிலிருந்து மூளையின் ஸ்டெம் செல்களை உண்டாக்கி வளர்ப்பீர்களாமே? "அங்கயும் உங்கள அக்காதான் வளர்க்கணுமா?" என்று வீட்டுக்காரி சிரிக்கிறாள். மூன்று வருடமாக நீ வரவில்லை. நானாவது அங்கே வந்து சேர்ந்தேன்.

உன் தம்பி

ஆகஸ்ட் 19

அன்புத் தம்பிக்கு,

லீவு போட முடியவில்லையடா. தட்டில் வளரும் செல்களுக்குத் தினமும் ஊட்டத் திரவம் மாற்ற வேண்டும்.

மொத்தம் பன்னிரண்டு தட்டுகள். ஆறு உன்னைப் போன்றவர்களுடையவை, ஆறு நோயில்லாதவர்களுடையவை. எண் மட்டும்தான் ஒட்டியிருக்கும். எது எந்த ஆளுடையது என்று மட்டும் எங்களுக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் கவனிப்பில் பாரபட்சம் வந்துவிடும். நோயாளிகளின் செல்கள், சுற்றிலும் எந்த அழற்சியும் இல்லாதபோதும், வீடு பற்றி எரிகிறது என்றே செய்தி அனுப்பிக்கொண்டிருக்கின்றன. அந்தச் செய்தி கலந்த திரவத்தை நல்ல செல்களுக்கு ஊற்றினால் அவையும் முடங்கிப்போகின்றன. இப்போது ஒரு மருந்து கொடுத்துப் பார்க்கிறோம். தட்டில் பலிப்பது மனிதருக்குப் பலிக்க வருடக்கணக்காகும், அதனால் டாக்டரிடம் போய் நிற்காதே.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஏழாம் எண் மட்டும் மளமளவென்று தேறிவிட்டது. அது நீதான். எப்படித் தெரியும் என்று கேட்காதே, யாரிடமும் சொல்லாதே.

அன்புடன் அக்கா

செப்டம்பர் 6

அன்புள்ள அக்கா,

சொல்லாதே என்றால் சொல்லாமல் இருப்பேனா? தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. இப்போது சக்கர நாற்காலி வந்துவிட்டது. வேலைக்குக் கூப்பிட்டவர்களிடம், "கொஞ்ச நாள் பொறுங்க, நானே ஏணி போட்டு ஏறுறேன்" என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

டாக்டரிடமும் கேட்டேன். கையை விரிக்கிறார். தட்டில் இருக்கும் தம்பிக்கு மருந்து உண்டு, நாற்காலியில் இருக்கும் தம்பிக்குக் கிடையாதா? கோபத்தில்தான் எழுதுகிறேன். கையெழுத்து கோழி கிண்டியதுபோல் இருக்கிறது, திட்டாதே.

தம்பி

அக்டோபர் 1

தம்பி,

இதை எப்படி எழுதுவேன்? தோல் எடுத்த தேதியை நீயே எழுதியிருந்தாய். பதிவேட்டில் அந்தத் தேதி ஏழாம் எண்ணுக்கு மட்டும் இருந்தது. அன்றிலிருந்து என் கை சும்மா இருக்கவில்லை. மற்றவற்றுக்கு ஒரு வேளை ஊட்டம் என்றால் ஏழுக்கு இரண்டு வேளை. விடுமுறை நாளெல்லாம் வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இது மட்டும் எப்படிம்மா இவ்வளவு நல்லா வந்துச்சு?" என்று பேராசிரியர் சந்தோஷமாகத்தான் கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அது தேறியது மருந்தாலா, என் கவனிப்பாலா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. வேறு எந்தத் தட்டிலும் மருந்து பலிக்கவில்லை. பட்டியலிலிருந்து ஏழாம் எண்ணை அடித்துவிட்டு, ப்ளீச் ஊற்றிக் கொட்டிவிடச் சொன்னார். என் கையாலேயே ஊற்றினேன்.

உனக்கென்று செய்ய எனக்கு வேறு எதுவும் தெரியவில்லையடா. திட்டியாவது பதில் எழுது.

அக்கா

அக்டோபர் 20

அக்காவுக்கு,

நான் சொல்லச் சொல்ல வீட்டுக்காரி எழுதுகிறாள். உன் கடிதத்தைக் கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன். விரல்களுக்கு அந்தத் தெம்புகூட இல்லை. தெருவில் யாருக்கும் இன்னும் சொல்லவில்லை. என்னைப் பார்க்க லீவு இல்லை என்றாய். லீவையெல்லாம் என் பக்கத்தில்தான் கழித்திருக்கிறாய், எனக்குத்தான் தெரியவில்லை.

இவள் ஒருத்தியால் என்னைத் தூக்கி உட்காரவைக்க முடியவில்லை. வந்துவிடு. குணமாகாது, தெரியும். ஆனால் இங்கே நான் ஒருவன்தான். கூடுதலாகக் கவனித்தாய் என்று யாரும் என்னைக் கொட்டிவிடச் சொல்ல மாட்டார்கள்.

தம்பி

அண்ணி, கடைசி வரியை நாலு தடவை கேட்டுத்தான் எழுதினேன். அவருக்கு நாக்கு குழறுகிறது. சீக்கிரம் வாங்க.