இருக்கைக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு ஊக்கு

காரை விற்பதற்காகச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். நீ உட்காரும் இருக்கைக்கும் கதவுக்கும் நடுவில் இருந்த இடுக்கில் வேக்குவம் குழாயை நுழைத்தபோது உள்ளே ஏதோ தடதடத்தது. காசு என்று நினைத்து விரலை விட்டேன். குத்திவிட்டது. எடுத்துப் பார்த்தால் உன் ஊக்கு. சுண்டுவிரல் நீளம், சின்ன வாள் போல வார்த்த பித்தளை, பின்புறம் முள். கில்ட் உடுப்பின் ஓரத்தில் குத்திக்கொண்டு வருவாயே, அதுதான். மூடப்படாமல் திறந்தே கிடந்தது.

என் காரில் உன் பொருள் எதுவும் இல்லை என்று உன் மனைவியிடம் ஒரு வருடத்துக்கு முன்பு சொல்லியிருந்தேன். வேண்டுமென்றே சொன்ன பொய்யில்லை. தேடிப் பார்க்காமல் சொன்னது. விரலில் ரத்தம் நிற்கும்வரை கராஜ் வாசலில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஊக்கு எந்த நாள் மாலை அங்கே விழுந்தது என்பது எனக்குத் தெரியும். அந்த மாலையைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை.

கோயமுத்தூரில் ஒரே வகுப்பில் படித்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் போன நாம், ஹூஸ்டனில் ஒரே கம்பெனியில், பைப்லைன் வரைபடங்களைச் சரிபார்க்கும் ஒரே குழுவில் மறுபடி சந்தித்துக்கொண்டோம். வீடுகளும் சுகர் லேண்டில் நாலு தெரு தள்ளித்தான். ஒரு வாரம் உன் கார், ஒரு வாரம் என் கார். இரண்டு பேர் இருந்தால் ஃப்ரீவேயில் கார்பூல் லேனில் போகலாம் என்று ஆரம்பித்தது, பிறகு அந்த நாற்பது நிமிடப் பேச்சு இல்லாமல் நாள் தொடங்காது என்றாகிவிட்டது. ஆபீஸ் பார்க்கிங்கில் நிறுத்தியதும் நான் வெயில் மறைப்பைக் கீழே இழுத்து, அதிலிருந்த கண்ணாடியைப் பார்த்துப் பொட்டை எடுத்து, கண்ணாடி ஓரத்திலேயே ஒட்டிவிட்டு இறங்குவேன். "பொட்டு எறங்கிருச்சுங், ஆபீஸ் வந்திருச்சுங்" என்பாய். தினமும் அதே கிண்டல். காரைச் சுத்தம் செய்த அன்று அந்தப் பொட்டுகளையும் நகத்தால் சுரண்டினேன். பதினொன்று இருந்தன.

கல்லூரியில் மூன்றாம் வருடம் லேபில் நான் இணைப்பை மாற்றிக் கொடுத்து மீட்டரைப் புகைய வைத்தேன். பக்கத்து மேஜையில் இருந்த நீ அதை முன்பே கவனித்திருந்தாய். ஏண்டா சொல்லலை என்று கத்தினேன். "நீ கேக்கலையே" என்றாய். உன் குணமே அதுதான். கேட்டால் மறைக்க மாட்டாய். கேட்காவிட்டால் உன் வாயிலிருந்து ஒன்றும் வராது. இத்தனை வருடம் அதைத் தெரிந்து வைத்திருந்தவள் நான்.

ஒரு மாத லீவு முடிந்து நீ திரும்பிய திங்கட்கிழமை, உன் வீட்டு வாசலில் உன்னைப் பார்த்ததும் என்னையறியாமல் ஹார்னை அழுத்திவிட்டேன். முழங்கால் வரை மடிப்பு மடிப்பாகக் கருநீலத்தில் ஒரு பாவாடை. மேலே எப்போதும் போடும் கட்டம் போட்ட சட்டை. கீழே நீளமான சாக்ஸ், ஷூ.

"என்னடா கோலம் இது?"

"கில்ட்டுங் மேடம். ஸ்காட்லாந்துல ஆம்பளைங்க கட்டறது."

"கோபிச்செட்டிப்பாளையத்துல?"

"இனிமே அங்கயும் கட்டுவாங்க. வண்டிய எடுங்."

அதுக்கு வேட்டியே கட்டிட்டு வந்திருக்கலாமே என்று சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. "வேட்டின்னா பெட்ஷீட்டச் சுத்திக்கிட்டு வந்துட்டான்னு பாப்பாங்க. இது வெள்ளைக்காரன் உடுப்பு. ஒருத்தனும் கேள்வி கேக்க மாட்டான்" என்றாய். நீ அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தைய இலையுதிர்காலத்தில் நம் தளத்தில் கலாசார நாள் என்று வைத்தார்களே, அன்று வரைபடப் பிரிவின் கிழவர் சிவப்புக் கட்டம் போட்ட கில்ட்டில் வந்தார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

உனக்கு யாரும் கைதட்டவில்லை. கேள்வி கேட்டார்கள், உன்னிடம் இல்லை, என்னிடம். இந்தியாவில் ஆண்கள் இப்படித்தான் உடுத்துவார்களா என்று சாப்பாட்டு அறையில் ஒருத்தி கேட்டாள். அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் அந்த ஆபீசில் யார் கண்ணிலும் படாமல் இருப்பதற்கு நான் வருடக்கணக்கில் பாடுபட்டிருந்தேன். டப்பாவில் சாம்பார் கொண்டுபோனதில்லை. தமிழில் போன் பேச வேண்டுமென்றால் படிக்கட்டுக்குப் போய்விடுவேன். நீ கில்ட்டோடு நடந்து வரும்போது அவ்வளவும் வீணாகிப் போவதாக எனக்குத் தோன்றியது.

மூன்றாவது வாரம் மேலாளர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். விதியில் எதுவும் இல்லைதான், ஆனால் வாடிக்கையாளர்கள் வருகிறார்கள், நீங்கள் இருவரும் ஒரே மொழிக்காரர்கள், நீ சொன்னால் பக்குவமாக இருக்கும் என்றார். அது ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்த சமயம். நமக்கு மேல் தளத்தில் பாதி நாற்காலிகள் காலி. நான் தலையாட்டினேன். உன் நல்லதுக்குத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அன்று மாலை மழை. ஃப்ரீவேயில் வண்டிகள் நகரவில்லை. அப்போதெல்லாம் எல்லா வாரமும் என் கார்தான். "நீயே ஓட்டு, நான் தூங்கறேன்" என்று சொல்லியிருந்தாய். சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொண்டேன். தொடைக்குக் கீழே ஒரு துண்டை மடித்து வைத்துக்கொண்டு சாய்ந்திருந்தாய்.

"நாளையிலேர்ந்து பேண்ட் போட்டுட்டு வா."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை. நான்தான் சொல்றேன்."

"ஏனுங், என்ற காலு அழகா இருக்குதுன்னு பொறாமைங்களா?"

"விளையாடாத. எல்லாரும் உன்னைப் பாத்துட்டு அடுத்தது என்னைத்தான் பாக்கறாங்க. எனக்கு அசிங்கமா இருக்கு. இந்த வயசுல பாவாடை கட்டிட்டுத் திரியறே."

நீ கில்ட்டின் ஓரத்திலிருந்து ஊக்கைக் கழற்றினாய். முள்ளைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாய். வைப்பர் ஓசைக்கு நடுவில் அந்தச் சின்ன டிக் டிக் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு முறை திறந்தாய், மூடும் சத்தம் வரவில்லை. "சரி" என்றாய். வீட்டு வாசலில் இறங்கியதும் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாய். உள்ளே மழை அடிக்கிறதே என்று நான் எரிச்சலோடு பார்த்தேன்.

மேலாளர் சொன்னார் என்று உண்மையைச் சொல்லியிருந்தால் நீ ஒரு டாக்டர் கடிதத்தை அவர் மேஜையில் வைத்திருக்கலாம். எனக்கு அசிங்கமாக இருக்கிறது என்றேன். அதற்கு எந்த டாக்டரிடம் போய்க் கடிதம் வாங்குவாய்?

ஏழு வாரம் பேண்ட் போட்டுக்கொண்டு வந்தாய். மீட்டிங்கில் சுவரோரமாக நின்றுகொண்டே இருப்பாய். உட்காரேன் என்றால் "தொப்பை போடுதுங்" என்பாய். அதற்கு முன்பு, கில்ட் கட்டிய வாரங்களில், மதியம் உன் மனைவி வந்து உன்னை அழைத்துப் போவாள். கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்தும் சேர்ந்து சாப்பிடப் போகிறீர்களே என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. எட்டாவது வாரம், காய்ச்சல், இன்று வரவில்லை என்று செய்தி அனுப்பினாய். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டுத் தனியாகக் கிளம்பினேன். கார்பூல் லேனில் போக முடியாதே என்ற நினைப்புதான் அன்று எனக்கு. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து உன் மனைவி கூப்பிட்டாள். நான் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

சவ அடக்க நிலையத்தில் உன்னை வெள்ளை வேட்டியில் வைத்திருந்தார்கள். ஆபீசில் மேலாளர் எல்லோரையும் கூட்டி, நல்ல நகைச்சுவை உணர்வு உள்ள மனிதர், அந்தக் கில்ட்டை மறக்க முடியுமா என்றார். சிலர் மெதுவாகச் சிரித்தார்கள். நானும் உதட்டை விரித்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு, சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே உன் மனைவி சொன்னாள். "தொடை இடுக்குல கேன்சர் கட்டிக்கா. ஆபரேஷன் பண்ணி, அப்புறம் மத்தியானம் மத்தியானம் போயி ரேடியேஷன். தோலே உரிஞ்சு போச்சுக்கா. பேண்ட் போடவே கூடாதுன்னுட்டாங்க. நான்தான் தேடித் தேடி அந்தக் கில்ட்ட வாங்கிக் குடுத்தேன். வேலை போச்சுன்னா இன்ஷூரன்ஸும் போயிரும்னு யாருகிட்டயும் சொல்ல விடலைக்கா."

தட்டைத் துடைப்பதை நான் நிறுத்தவில்லை.

"நல்லாத்தான் கட்டிட்டுப் போனாரு. திடீர்னு ஒரு நாள் பேண்ட்ட எடுத்து மாட்டிட்டாருக்கா. எவ்வளவோ சண்டை போட்டேன். ஆபீஸ்ல ஏசி குளிருதுன்னு ஒரே பிடிவாதம். புண்ணுல சீழ் வச்சு ரத்தத்துல ஏறிருச்சு. அது எப்படியும் வந்திருக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. எனக்கு மனசு ஆறலைக்கா. உங்ககூடத்தானே தினமும் வந்தாரு, உங்களுக்கு ஏதாச்சும் தெரியுங்களா?"

"தெரியாதும்மா" என்றேன்.

கேட்டால் மறைக்காதவன் நீ. அவள் கேட்டபோது எனக்காக மறைத்திருக்கிறாய். அவள் என்னைக் கேட்டபோது நானும் எனக்காக மறைத்தேன். கிளம்பும்போது, அந்தக் கில்ட்டின் ஊக்கு மட்டும் காணோம், கார்ல இருக்குமாக்கா என்று கேட்டாள். இல்லையென்று சொன்னது அப்போதுதான்.

ஊக்கு கிடைத்த பிறகு இரண்டு வாரம் அதை மேஜை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தேன். சும்மா கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். எங்கே இருந்தது, எப்படி அங்கே வந்தது என்று கேட்டால்? நீ இறங்கும்போதெல்லாம் ஊக்கு இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பவன் என்பது அவளுக்குத் தெரியும். தானாக விழுந்தது என்றால் நம்ப மாட்டாள்.

போன சனிக்கிழமை காலை போனேன். கதவைத் திறந்தது உன் மகள். வளர்ந்துவிட்டாள், உன் நெற்றி அப்படியே. "அம்மா, ஆன்ட்டி இஸ் ஹியர்!" என்று உள்ளே பார்த்துக் கத்திவிட்டு சோபாவுக்குப் போனாள். அங்கே வீட்டுப்பாடப் புத்தகத்துக்குக் கீழே, மடியில் போர்த்தியிருந்தது உன் கில்ட். ஓரத்தில் ஒரு சாதாரண சேலை ஊக்கு.

உன் மனைவி காபி கொண்டு வந்தாள். மகளை மாடிக்கு அனுப்பச் சொன்னேன். பிறகு ஊக்கை மேஜைமேல் வைத்துவிட்டு, மழையில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். மேலாளர் அனுப்பியதையும் சொன்னேன், அதை உன்னிடம் சொல்லாததையும் சொன்னேன். அவள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அவரு என்ன சொன்னாரு?"

"சரின்னு சொன்னான்."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லலை."

காபி ஏடு கட்டியிருந்தது. மாடியில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அவள் ஊக்கைத் தொடவில்லை. மேஜை விரிப்போடு சேர்த்து அதை என் பக்கமாக நகர்த்தினாள்.

"பாப்பாவுக்கு நான் வேற ஊக்கு வாங்கிக் குடுத்துட்டேன். இது உங்ககிட்டயே இருக்கட்டும்."

பேச்சுக்குப் பேச்சு அக்கா என்பவள். அதில் அக்கா இல்லை.

கார் நேற்றுப் போய்விட்டது. ஊக்கு கைப்பையில் இருக்கிறது. சாவிக்காகக் கைவிடும்போது குத்துகிறது, மூடி வைக்கலாம் என்று இன்று காலை வெளிச்சத்தில் வைத்து அழுத்திப் பார்த்தேன். மூட முடியவில்லை. முள் நடுவில் வளைந்திருக்கிறது. தடித்த கம்பி அது, என் இரண்டு கட்டைவிரலாலும் நிமிர்த்த முடியவில்லை. அன்று காரில் மூடும் சத்தம் ஏன் வரவில்லை என்பது இப்போது தெரிகிறது. அவ்வளவு அழுத்திக்கொண்டுதான் என்னிடம் "சரி" என்று சொல்லியிருக்கிறாய்.