நேசம்மா பார்த்த அணில் படம்

ஆரையம்பதி
1947 ஆனி 12

மகன் நல்லரத்தினத்துக்கு அம்மா எழுதிக்கொள்வது. கண்ணகை அம்மன் காவலில் நான் நடமாடித் திரிகிறேன், நீயும் கொழும்பில் காய்ச்சல் தலையிடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று அவளைத்தான் கேட்கிறேன். உன் மகள் நேசம்மாவும் சுகம் என்று எழுத வேண்டிய இடம் இது, எழுதக் கை வரவில்லை. வழமையாக இரத்தினம்மா ரீச்சரைக் கொண்டு எழுதுவிப்பேன், இதைப் பிறத்தியார் கையால் எழுதுவிக்க முடியாது, எழுத்துக் கோணல் என்று தள்ளி வைக்காமல் கடைசி வரைக்கும் வாசி.

பட்டினத்தில் கூடாரம் அடித்துப் படம் காட்டுகிறார்கள், ஆட்கள் நடிக்கிறது இல்லை, கீறின சித்திரம் எழும்பி நடந்து கதைக்கிற படம். ரீச்சர் முதலாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக ஆசைப்பட்டாள், தாய்மார் பயந்துபோய், ஊருக்கே பாட்டியான என்னைக் காட்டி, சீதேவிப் பெத்தா முதல்ல பாத்திட்டு வரட்டும், அவ ஓம் எண்டா அனுப்புறம் என்றார்கள். நீயும் போன கடிதத்தில், நான் இங்கே பார்த்தேன், சின்னப் பிள்ளைகளுக்கென்றே செய்தது, நேசத்துக்குக் காட்டுங்கள் என்று எழுதியிருந்தாய். அதை நம்பி சனிக்கிழமை பகல் ஆட்டத்துக்கு அவளையும், போன மாரியில் தோணி கவிழ்ந்து ஆற்றில் செத்த வினாயகமூர்த்தியின் மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். படம் இங்கிலீசு. பக்கத்தில் நின்று தமிழில் சொல்கிறவன் வல்லிபுரம், உன் அப்பாவின் வலையைக் களவெடுத்து ஏறாவூரில் விற்றவனின் மகன், நீ பிறக்கிறதுக்கு முந்தின மாசியில் நடந்தது, நான் மறக்கவில்லை.

ஒரு அணில் குடும்பம், தகப்பன் தூரதேசம் போயிருக்குது. வானத்திலிருந்து பஞ்சு மாதிரி வெள்ளையாகக் கொட்டுது, அதுக்குள்ளே தாய் இரை தேடப் போனது வரவேயில்லை. மற்ற அணில்கள் கூடிக் குட்டியிடம், உன்ட அம்மா மலைக்கு அங்கால போயிருக்கா, பூப் பூக்கிற நேரம் வருவா என்று சொல்லுதுகள். குட்டி அதை நம்பி வாசலிலே குந்தியிருக்குது. மகனே, அந்த இடத்தில் நான் படத்தை விட்டு நேசத்தின் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். நீ முழுக்கப் பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டாய், பாதியில் எழும்பிப் போயிருப்பாய், சின்னனிலும் நீ அப்படித்தான்.

போன வருடம் சித்திரையில் உன் பெண்சாதி பாக்கியத்தின் பிரேதத்தை எடுத்த அன்று அவள் தாய் சின்னத்தங்கம், பிள்ளையைக் கொண்டு வாங்க, பெத்தவளுக்கு ஒரு பிடி மண் போடட்டும் என்று வாசலில் நின்றாள். நான் கேட்கவில்லை. பிள்ளையை அடுத்த ஊர்க் குருக்கள்மடத்துக்கு ஒளித்து அனுப்பிவிட்டு, அம்மா கொழும்பு ஆசுபத்திரியில் மருந்து எடுக்கிறா, சுகமானதும் அப்பாவோட வருவா என்று சொல்லி வைத்தேன். நீயும் நான் சொன்னபடியே கடிதத்துக்குக் கடிதம் அம்மா உன்னைக் கேட்டா என்று எழுதினாய், சிவப்பு ரிப்பனை அம்மா வாங்கினது என்று அனுப்பினாய். ஊர் முழுக்க வாயைக் கட்டிக்கொண்டு இருந்தது, ஒரு கீறின அணில் வந்து எல்லாத்தையும் அவிழ்த்துப் போட்டது.

படத்தில் தகப்பன் அணில் திரும்பி வந்து குட்டிக்குப் பக்கத்தில் இருந்து சொல்லுது. வல்லிபுரம் கூடாரமே கேட்க, உன்ட அம்மா செத்துப் போயிட்டா மனே, இனி வரமாட்டா, இவங்க உனக்குப் பொய் சொல்லியிருக்காங்க என்றான். இரண்டும் கட்டிப்பிடித்து அழுததுகள், பிறகு பூப் பூத்தது, பிள்ளைகள் பழையபடி சிரித்தார்கள். வினாயகமூர்த்தியின் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்கட அப்பாவும் இப்பிடித்தான் பெத்தா, வரமாட்டார், கச்சான் கடலை மிச்சம் இருக்கா என்று கேட்டாள். நேசம் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

இன்றைக்கு ஆறாம் நாள். என் கையால் ஒன்றும் தின்கிறாள் இல்லை. அடுத்த வீட்டில் கொடுக்கிற கஞ்சித்தண்ணி இரண்டு மிடறு, அவ்வளவுதான். ரிப்பனை அவிழ்த்துக் கடதாசியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். மத்தியானம் தொடங்கிக் கல்முனை ரோட்டு மதகில் இருந்து, பட்டினத்திலிருந்து வருகிற ஒவ்வொரு பஸ்ஸையும் பார்க்கிறாள். பரியாரி நாடி பிடித்துப் பார்த்து நோய் ஒன்றும் இல்லை என்றார், நூல் கட்டினார், அதனால் என்ன பலன். முந்தாநாள் மடியில் இருத்தி, நேசம், உன்ட அம்மா என்று தொடங்கினேன், உள்ளங்கையால் என் வாயைப் பொத்திவிட்டாள். நீங்க சொல்ல வேணாம் பெத்தா, அப்பா வந்து சொல்லுவார் என்றாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது மகனே. உன் வாயால் கேட்கிற வரைக்கும் அதை மூச்சுப்போலப் பிடித்து வைத்திருக்கிறாள், அதற்குள் மூச்சே போய்விடுமோ என்று நான் பதறுகிறேன். மெலிந்து அவள் கைக்காப்பு முழங்கை வரைக்கும் ஏறுது.

நேற்று ரீச்சர் முடிவு கேட்டு வந்தாள். படம் கெட்டது, வல்லிபுரத்தின் நாக்கு கெட்டது என்று சொல்லத்தான் வாய் உன்னியது. யோசித்துப் பார்த்தேன். கூத்தில் அரக்கனின் தலையை வெட்டுவதைப் பார்த்துவிட்டு வந்து பிட்டுத் தின்கிற பிள்ளைகள் இவர்கள், அந்தப் படத்தில் அவர்கள் காணாதது ஒன்றும் இல்லை. தகப்பனைக் குழிக்குள் வைத்ததைக் கண்ட பிள்ளை கச்சான் கேட்டது, ஒளித்து வைத்த பிள்ளைதான் வாடுது. கூட்டிக்கொண்டு போ, ஆனா என்னைப்போலப் பொய் சொல்லி வளர்க்கிற வீடு இருக்குதா எண்டு முதல்ல விசாரி, அந்த வீட்டுப் பிள்ளைய விட்டிட்டுப் போ என்று சொல்லிவிட்டேன். சின்னத்தங்கம் அன்றைக்குச் சொன்னதுதான் சரி. செத்தாலும் அவளிடம் சொல்லமாட்டேன், உனக்கு எழுதுகிறேன்.

கடிதம் கண்டதும் அன்றைய ரயிலுக்கே ஏறு. துரை லீவு தராவிட்டால் வேலையை விட்டுவிட்டு வா. வரக் கிடைக்கவில்லை, பாக்கியம் சுகம் என்று இன்னும் ஒரு வரி எழுதினாயானால் அதை நான் அடுப்பில் போடுவேன். பெற்றவள் மகனைக் கும்பிடக் கூடாது, நான் கும்பிடுகிறேன்.

அம்மன் உன்னை வழி நெடுகப் பார்த்துக்கொள்ளட்டும், உன் வாய்க்குத் தைரியம் கொடுக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, வரும்போது அவளுக்கு ஒன்றும் வாங்கிவராதே. எதை நீட்டினாலும் அம்மா தந்ததா என்று கேட்பாள்.

உன் வருகைக்கு ரோட்டைப் பார்த்திருக்கும் அம்மா,
சீதேவிப்பிள்ளை