ஜன்னலுக்கு நீட்டிய கை

அன்புள்ள பெரியவளுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு நன்றாகவே இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்காதே. போன கடிதத்தில் பிள்ளைக்கு இருமல் என்று எழுதியிருந்தாய், நின்றதா இல்லையா என்று அப்புறம் ஒரு வரி எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிறவளுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன், ஈரத்தலையோடு அவனை வெளியே விடாதே. இவ்வளவு எழுதுவதற்குள் இரண்டு தரம் எழுந்து பட்டறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்துபோகிறது. காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன், நிற்கும்போதே பொங்கி வழிந்தது. பட்டறையில் உன் அப்பா விடிந்ததிலிருந்து அந்தக் கையை வெளியே இழுக்கிறார், உள்ளே விடுகிறார், டக் என்று ஒரு சத்தம், மறுபடி டக் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டாலும் எழுந்து ஓடுகிறேன், நின்றாலும் ஓடுகிறேன்.

எந்தக் கை என்று கேட்பாய். நீ போன பிறகு வந்த சமாச்சாரம், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். கார் ஓட்டுகிறவன் எந்தப் பக்கம் திரும்புகிறானோ அந்தப் பக்கம் கையை வெளியே நீட்டவேண்டும் என்பது உனக்கே தெரியும். மழையில் எவன் நீட்டுவான், நீட்டினாலும் இருட்டில் எவனுக்குத் தெரியும். வண்டிகளில் ஒடுக்கு எடுத்துக்கொண்டிருந்த உன் அப்பாவுக்கு, மோதி நசுங்கி வருகிற கார்களைப் பார்த்துப் பார்த்து இதே யோசனையாகிவிட்டது. கடைசியில் ஒரு கைகாட்டி செய்தார். காரின் இரண்டு பக்கமும் கதவை ஒட்டி ஒரு தகரக் கூடு, அதற்குள் சிவப்பு பெயிண்ட் அடித்த ஒரு தகரக் கை மடங்கிப் படுத்திருக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே இரண்டு பிடி, இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. பிடியை இழுத்தால் கம்பி இழுத்துக் கை வெளியே வந்து நேராக நிற்கும், விட்டால் ஸ்பிரிங் உள்ளே இழுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் சூட்சுமம். ஊரில் பாதி வாடகைக் கார்களுக்கு அப்பா கையால் செய்த கைதான். பஸ் கம்பெனி மேனேஜர்கூட வந்து பார்த்துவிட்டு, எங்க வண்டி எல்லாத்துக்கும் போட்டுடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு உன் அப்பா நடந்த நடையைப் பார்க்கவேண்டுமே, தரையில் கால் பாவவில்லை.

நம் வீட்டுப் பழக்கம் உனக்கு ஞாபகம் இருக்கும். பட்டறையில் நீளத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு திரும்புகிறவன் முழங்கையை நீட்டிவிட்டுத்தான் திரும்பவேண்டும் என்று அப்பா போட்ட சட்டம், பட்டறையோடு நின்றதா. நீயே பால் டம்ளரோடு சமையலறையிலிருந்து திரும்பும்போது முழங்கையை நீட்டுவாய். இப்போதும் உன் அப்பா சாப்பாட்டுத் தட்டோடு திரும்பினால் முழங்கை தானாக நீளும், அந்த இடத்தில் என்னைத் தவிர ஒரு பூனைகூட இருக்காது. இந்த வீட்டில் வளர்ந்தவனுக்குக் கையை நீட்டுவது என்றால் வாயைத் திறந்து பேசுகிற மாதிரி. வெளியே இருக்கிறவர்களுக்கு அப்படி இல்லை என்பது உன் தம்பிக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

தம்பி லைசென்ஸ் வாங்கி வாடகைக் கார் ஓட்டுவதைத்தான் எழுதியிருந்தேனே. அந்தக் காருக்கும் அப்பா செய்த கைதான். நம் வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் இடது கையை ஒரு தரம் வெளியே விட்டு உள்ளே இழுப்பான். திரும்புவதற்கு இல்லை, எனக்கு. ஜன்னலில் நிற்கிற அம்மாவுக்கு, இதோ போறேன்மா என்று சொல்வதற்கு. பின்னால் சவாரி உட்கார்ந்திருந்தாலும் செய்வான். அப்பாவுக்கு இது தெரியாது, தெரிந்திருந்தால் தோலை உரித்திருப்பார். எனக்கு அது எவ்வளவு பிடிக்கும் என்று உன்னிடம் ஏன் மறைக்கவேண்டும். நீ போன வீடு ஓவென்று கிடக்கிறது, உன் அப்பா பேசுவதெல்லாம் தகரத்தோடு. அந்தச் சிவப்புக் கைக்காகக் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன்.

அன்றைக்குக் கொல்லையில் துணி பிழிந்துகொண்டிருந்தேன். ஹார்ன் சத்தம் கேட்டு ஓடி வருவதற்குள் கொஞ்சம் நேரமாகிவிட்டது. நான் வந்து பார்க்கட்டும் என்று இவன் இடது பிடியை விடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போயிருக்கிறான். நான் ஜன்னலுக்கு வந்தேன், பார்த்தேன், சிரித்தேன். கை நேராக நீட்டிக்கொண்டு நின்றது. அப்படியே எதிரே கார்கள் நிற்கிற சந்துக்குப் போக வலது பக்கம் ஒடித்துத் திருப்பினான். பின்னால் ரொட்டிக்கடை மோட்டார் சைக்கிள்காரர், கார் இடது பக்கம் திரும்பப் போகிறது என்று நினைத்து வலது பக்கமாக முந்தி வந்துகொண்டிருந்தார். மோதிய சத்தத்தை எழுத எனக்கு வராது. ரோடெல்லாம் ரொட்டி. அந்த மனிதருக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது.

மோட்டார் ஆபீஸ் அதிகாரி வந்து கேட்டபோது தம்பி பயத்தில், நான் வலதுதான் சார் இழுத்தேன், இடது கை தானா வந்துடுச்சு என்று சொல்லிவிட்டான். சொன்னது அப்படியே எழுத்தில் ஏறிவிட்டது. அன்று சாயங்காலம் சமையலறையில் வைத்து, யாருக்குடா அந்தக் கையைப் போட்டே என்று கேட்டேன். உனக்குத்தாம்மா என்றான். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, யார்கிட்டயும் சொல்லிடாதம்மா, லைசென்ஸ் போயிடும், சொன்னா நான் ரயிலேறிப் போயிடுவேன், அப்புறம் என்னைத் தேடாதீங்க என்று அழுதான். நான் வாயை மூடிக்கொண்டேன். என்ன செய்யச் சொல்கிறாய், ஒரே பையன். ஆனால் அதோடு முடிந்ததா. கை தானாக வெளியே வரும் என்றால் ஊரில் எந்த வண்டியிலும் அது இருக்கக் கூடாது, எல்லாவற்றையும் கழற்றவேண்டும் என்று மோட்டார் ஆபீசில் பேச்சு. நாளைக்கு விசாரணை. பஸ் கம்பெனி மேனேஜர் இப்போது எதிரே வந்தால் கடைப் பலகையைப் படித்துக்கொண்டே போகிறார். அதைக்கூட உன் அப்பா தாங்கிக்கொள்வார். தான் செய்த கை ஒரு மனிதனைப் படுக்கவைத்துவிட்டது என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அதனால்தான் இந்த டக், டக். தண்ணீர் ஊற்றி இழுக்கிறார், ரோட்டு மண்ணை அள்ளிப் போட்டு இழுக்கிறார், கம்பியை முறுக்கி இழுக்கிறார், ஒரு தரமாவது தானாக வெளியே வராதா என்று பார்க்கிறார். வரமாட்டேன் என்கிறது. சாப்பிடக் கூப்பிட்டால், எங்கயோ என் கண்ணுக்குத் தப்பிப்போச்சு, நீ போ என்கிறார்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த மனிதரைப் பார்த்துவிட்டு வந்தேன், போகாமல் இருக்க முடியவில்லை. காலைத் தூக்கிக் கட்டி எடை தொங்கவிட்டிருக்கிறார்கள். நான் யார் என்று சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்துத்தான் போனேன். அவர் நாற்காலியைக் காட்டி உட்காருங்கம்மா என்றார். அந்தக் கையை நம்பித்தாம்மா போனேன், நல்ல சாமான்னு நானே எங்க முதலாளிகிட்டச் சொல்லியிருக்கேன் என்றார். எனக்கு அங்கே உட்கார முள்ளாக இருந்தது. கொண்டுபோன பழத்தை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வழியெல்லாம், சொல்லிவிடு சொல்லிவிடு என்று ஒரு மனசு, பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுப்பாயா என்று ஒரு மனசு. உன்னிடம் கேட்டு உன் பதில் வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும், இருந்தாலும் உன்னிடம் கேட்கிற மாதிரி எழுதிக்கொண்டே போகிறேன். சத்தம் நின்றுவிட்டது, இரு, பார்த்துவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன், இதற்குள் என்னென்னவோ நடந்துவிட்டது. நான் போனபோது அப்பா அந்தக் கையைப் பிரித்துப் போட்டுவிட்டு, தலையில் கையை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எனக்குத் தெரியலையே, எனக்குத் தெரியலையே என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். ஜன்னலைச் சொன்னேன், தினம் நடக்கிறதைச் சொன்னேன், அன்றைக்கு நடந்ததைச் சொன்னேன். கத்துவார் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அவர் கேட்டது என்ன தெரியுமா, கை நேரா நின்னுதா, தொங்கலா நின்னுதா என்று கேட்டார். நேராத்தான் நின்னுது என்றேன். ஒரு பெருமூச்சு விட்டார் பார், இத்தனை நாளும் விடாத மூச்செல்லாம் அதில் வந்தது. அப்புறம்தான் பிள்ளை ஞாபகம் வந்திருக்கவேண்டும், முகம் செத்துப்போனது. துணியை எடுத்துத் தன் கையை ரொம்ப நேரம் துடைத்தார். சரி, நாளைக்கு ஸ்பிரிங்தான் கோளாறுன்னு நான் எழுதிக் குடுத்துடறேன் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தகரம் போனா வேற தகரம் வெட்டிக்கலாம், அவனுக்கு வேற பொழப்பு எங்க போய் வெட்டறது என்றார்.

எனக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்கவேண்டும். நல்லா இருக்கிற கையைக் கழட்டிப் போட்டுட்டு, நாளைக்கு மழையில எவனாவது அடிபட்டா அதுக்கும் நீங்களே எழுதிக் குடுப்பீங்களா, ஆஸ்பத்திரியில தொங்கிட்டிருக்கிற மனுஷனுக்கு என்ன பதில், நீங்க பொய் எழுதினா நான் நேரா போய் உள்ளதைச் சொல்லிடுவேன் என்றேன். நீயெல்லாம் பெத்தவளா என்று கேட்டுவிட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பெத்ததாலதான் சொல்றேன் என்றேன். திரும்பிப் பார்த்தால் கொல்லைக் கதவுப் பக்கம் தம்பி நிற்கிறான். எப்போது வந்தானோ, எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம், சாப்பிட என்று பேருக்குத்தான். தம்பி தட்டைப் பார்த்துக்கொண்டே, அப்பா, நல்லா இருக்கிறதைக் கெட்டுப்போச்சுன்னு உங்க கையால எழுதுவீங்களா என்று கேட்டான். எழுதுவேன், நீ சாப்பிடு என்றார் அப்பா. அவன் இன்னும் இரண்டு வாய் சாப்பிட்டான். அப்புறம் எழுந்து கையைக் கழுவிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டான். எங்கடா என்றேன். வரேன்மா என்றான், என் முகத்தைப் பார்க்கவில்லை.

வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெருமுனையில் வலது பக்கம் போனால் ரயில் ஸ்டேஷன், இடது பக்கம் போனால் மோட்டார் ஆபீஸ். அங்கே போய் நின்றவன் நின்றபடியே நிற்கிறான். வண்டிகள் போகின்றன, ஆட்கள் போகிறார்கள், அவன் நகரவில்லை. கூப்பிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது, கூப்பிடவில்லை. அப்பா எப்போது என் பின்னால் வந்து நின்றார் என்று தெரியாது. எந்தப் பக்கம் போகப்போகிறான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை, பெற்று வளர்த்தவர்களுக்கு. கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு இடது பக்கம் திரும்பிப் போனான். நான் கேட்டிலேயே சாய்ந்துவிட்டேன். அப்பா உள்ளே ஓடினார், பட்டறைக் கறையோடு இருந்த பனியன் மேலேயே சட்டையை மாட்டிக்கொண்டு, பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் வெளியே வந்தார். அவன் அங்க தனியா நிக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு அவன் பின்னாலேயே வேகமாகப் போய்விட்டார்.

இன்னும் இரண்டு பேரும் வரவில்லை. தபால் பெட்டி திறக்கிற நேரமாகிவிட்டது, இதை இப்போதே போட்டுவிடுகிறேன், அவர்கள் வந்த பிறகு எழுத உட்கார்ந்தால் எனக்கு எழுத வராது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நீண்ட காலம் நிறைவாக இருக்கவேண்டும், எங்கே போனாலும் நல்லபடியாகத் திரும்பி வீடு வந்து சேரவேண்டும். பிள்ளையின் இருமல் என்ன ஆயிற்று என்று மறக்காமல் எழுது. இன்னொன்று, தம்பி உனக்குக் கடிதம் போடுவான். என்ன நடந்தது என்று நீயாக முந்திக்கொண்டு கேட்டுவிடாதே, உனக்குத் தெரியும் என்றும் காட்டிக்கொள்ளாதே. அவனே சொல்லட்டும், அவன் சொல்லுவான்.

இப்படிக்கு,
கேட்டுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருக்கும் உன் அம்மா